'கிரிஸ்டியான்' படத்தில் ஆள்மாறாட்டம் எங்கே இருக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 'கிரிஸ்டியான்' என்ற 1939-ஆம் ஆண்டு செக் படத்தை ஆள்மாறாட்டத்தை மையமாகக் கொண்ட காதல் நாடகம் என்று எங்கோ படித்துவிட்டுப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்தபோது அது பெரும்பாலும் நகைச்சுவையாக இருந்தது. யாரும் யாரையும் வேறொருவர் என்று எண்ணி ஏமாறவில்லை. நாயகனும் கடைசியில் தன் மனைவியிடமே திரும்பிவிடுகிறான். 'இதில் ஆள்மாறாட்டம் எங்கே, இதைச் செக் மக்கள் ஏன் இன்றும் கொண்டாடுகிறார்கள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் முதலாவதற்கு விடை கிடைத்தால் இரண்டாவது பாதி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பல ஆண்டுகளாகத் திரைப்படச் சங்கம் ஒன்றில் மத்திய ஐரோப்பியப் படங்களைத் திரையிட்டு, அவற்றைப் பற்றி வகுப்பெடுத்து வருகிறேன். இந்தப் படத்தை மாணவர்களோடு மட்டும் நான்கைந்து முறை பார்த்திருப்பேன். ஆனால் என் செக் மொழியறிவு அகராதியைப் புரட்டிக்கொண்டு வரிகளைக் கூட்டிப் படிக்கும் அளவிலானது. உரையாடலின் நுட்பங்களை வசனவரிகளின் துணையோடுதான் பின்தொடர்கிறேன். ஆகவே கீழே எது பதிவாகியுள்ள செய்தி, எது என் வாசிப்பு என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

உறுதியானவற்றிலிருந்து தொடங்குவோம். இயக்கியவர் மார்ட்டின் ஃப்ரிச். 1939-இல் மட்டும் இதைத் தவிர 'ஈவா குறும்பு செய்கிறாள்' என்று பொருள்படும் தலைப்புடைய நகைச்சுவைப் படத்தையும், பள்ளி மாணவர்களைப் பற்றிய ஒரு படத்தையும் கொடுத்தவர். அவ்வளவு வேகமான கை. கதை யிவான் நோயே என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாடகத்திலிருந்து எடுத்தாளப்பட்டது. தயாரித்தது லுசெர்னா நிறுவனம். அதன் பின்னால் இருந்த மிலோஷ் ஹாவெல், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான வாட்ஸ்லாவ் ஹாவெலின் சித்தப்பா. நாயகனாக ஓல்ட்ரிக் நோவி, அவன் சந்திக்கும் சுசனாவாக அதினா மாண்ட்லோவா, மனைவி மரியேவாக நடாஷா கோலோவா, சுசனாவோடு சுற்றும் ஃப்ரெட்டாக ராவுல் ஷ்ரானில் ஆகியோர் நடித்தார்கள். படம் வெளியானது செப்டம்பர் 1939. அந்த மாதத்தின் முதல் நாளில்தான் போலந்தின் மீது ஜெர்மானியப் படை பாய்ந்தது. செக் தலைநகரான பிராகாவோ அதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்பே, மார்ச் 15 அன்றே, பிடிபட்டிருந்தது.

கதையை நீங்கள் அறிவீர்கள். வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரியில் சொல்கிறேன். அலோயிஸ் நோவாக் என்ற பயண முகவர் அலுவலக எழுத்தர், மாதம் ஒருமுறை டெயில்கோட் என்ற, பின்புறம் நீண்ட விருந்து அங்கியை அணிந்து, 'ஓரியண்ட்' என்ற ஆடம்பர மதுக்கூடத்துக்குக் கிரிஸ்டியான் என்ற பெயரில் போய், பணிவிடையாளர்களுக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்து, தனியே தென்படும் ஓர் அழகியிடம் தொலைதூர நாடுகளைப் பற்றிப் பேசி மயக்கி, அவள் மயங்கிய கணத்தில் மறைந்துவிடுகிறான். ஒருமுறை அப்படி மயங்கிய சுசனா சும்மா இருக்க மறுத்து அவனைத் தேடிப் புறப்படுவதால் முடிச்சு விழுகிறது.

இனி ஆள்மாறாட்டம் என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனெனில் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. தமிழில் நாம் இந்த ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு செயல்களுக்குப் பயன்படுத்துகிறோம். தேர்வில் ஒருவருக்காக இன்னொருவர் உட்கார்ந்து எழுதினால் அது ஆள்மாறாட்டம். அங்கே செய்பவருக்கு எல்லாம் தெரியும், ஏமாறுவது பார்ப்பவர். நாடகத்தில் அண்ணனென்று எண்ணித் தம்பியிடம் பணப்பையைக் கொடுத்தாலும் அதையும் ஆள்மாறாட்டம் என்றே சொல்கிறோம். அங்கே யாரும் திட்டமிடவில்லை, தற்செயல்தான் ஏமாற்றுகிறது. 'கிரிஸ்டியான்' இந்த இரண்டிலும் சேராது. நோவாக் இன்னொரு மனிதரின் இடத்தைத் திருடவில்லை, ஏனென்றால் கிரிஸ்டியான் என்று ஒருவர் உலகத்தில் இல்லவே இல்லை. எவரும் அவனைத் தவறுதலாகக் கிரிஸ்டியான் என்று அழைக்கத் தொடங்கவும் இல்லை. அவனே அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்கிறான். நம் படங்களில் ஒரே நடிகர் இரட்டை வேடத்தில் வந்து இரண்டு பாத்திரங்களாவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரே பாத்திரம் இரண்டு மனிதர்களாவது முதலில் பிடிபடாமல் போவது இயல்பு.

தற்செயலான ஆள்மாறாட்டம்தான் வேண்டும் என்றால், இதே ஃப்ரிச் 1941-இல் நோவி, கோலோவா, மாண்ட்லோவா மூவரையும் மறுபடி வைத்து எடுத்த 'நீல நட்சத்திர ஓட்டல்' படத்தைப் பாருங்கள். அதில் ஓர் ஏழைப் பெண், தனக்கு வாரிசுரிமையில் கிடைத்த பாழடைந்த விடுதிக்குப் போவதற்குப் பதிலாக, அதே பெயருடைய சொகுசு ஓட்டலுக்குள் உரிமையாளராக நுழைந்துவிடுகிறாள். வேடிக்கை என்னவென்றால், அங்கும் முதலில் மாறிப்போவது ஆள் அல்ல, கட்டடம்.

எனவே 'கிரிஸ்டியான்' படத்தில் யார் யாரை அடையாளம் தவறுகிறார்கள் என்று கேட்டால், என் விடை இது: கணவனுக்கு மனைவியையும் மனைவிக்குக் கணவனையும் அடையாளம் தெரியவில்லை. மதுக்கூடத்தில் நடப்பது வெறும் வேடம். உண்மையான அறியாமை வீட்டுக்குள் இருக்கிறது. இது படத்தின் கட்டமைப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வாசிப்பு. இயக்குநர் எங்கும் அப்படிச் சொன்னதாக நான் காட்ட வரவில்லை. ஆனால் அதற்கான சான்றுகள் படத்துக்குள்ளேயே போதுமான அளவு இருக்கின்றன என்று கருதுகிறேன்.

முதல் சான்று பெயர். நோவாக் என்பது செக் நாட்டின் மிகப் பரவலான குடும்பப் பெயர். தொலைபேசி விவரத்தொகுப்பில் பக்கம் பக்கமாக நீளும் பெயர். புதிதாக ஊருக்கு வந்தவன் என்பது அதன் பழைய பொருள். அலோயிஸ் என்பதும் பகட்டற்ற முதற்பெயர். அதாவது இவன் யாராகவும் இருக்கலாம். அதற்கு எதிரே கிரிஸ்டியான் என்று முன்னும் பின்னும் எதுவுமில்லாத, குடும்பமே இல்லாத ஒற்றைப் பெயர். நடிகரின் சொந்தப் பெயரான நோவி என்பதற்கும் 'புதிய' என்றே பொருள். இசையமைத்தவரின் குடும்பப் பெயர் நோவாச்செக், அதுவும் அதே வேர். இதில் யாருடைய திட்டமும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் ஒவ்வொரு முறை பெயர்ப்பட்டியல் ஓடும்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

இரண்டாவது சான்று அவனுடைய தொழில். பயண முகவர் அலுவலகத்தில் நாள் முழுவதும் பிறருக்குச் சீட்டு எழுதிக்கொடுப்பவன் அவன். கப்பல் புறப்படும் நேரம், துறைமுகங்களின் பெயர், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம், போனதுதான் இல்லை. கிரிஸ்டியான் சொல்லும் தொலைதேசக் கதைகள் அவ்வளவும் இந்த மேசையிலிருந்து எழுந்தவை. ஆகவே அவன் சொல்வது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. தகவல் எல்லாம் சரி. அனுபவித்தவன் என்ற உரிமைதான் இரவல். இந்த நுட்பத்தை நோவி குரலில் கொண்டுவருகிறார். எழுத்தராக இருக்கும்போது தோள் குறுகி, சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று விழ அவசரமாகப் பேசுபவர், மதுக்கூடத்தின் வாசலைத் தாண்டியதும் ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விடுகிறார். ஆடையை மறந்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டாலும் இரண்டு மனிதர்கள் தெரிவார்கள். மொழி புரியாத என் மாணவர்களே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது சான்று, அந்தப் புகழ்பெற்ற விடைபெறும் வரி. செக் பேச்சுவழக்கில் இன்று பழமொழிபோல் புழங்கும் அந்த வரியைத் தமிழில் 'கண்களை மூடிக்கொள்ளுங்கள், நான் போகிறேன்' என்று ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். செக் மொழியிலும் நம் நீ, நீங்கள் போல இரண்டு முன்னிலை உண்டு. அவன் மரியாதைப் பன்மையில்தான் பேசுகிறான். மயக்கத்தின் உச்சத்திலும் நெருக்கத்தின் ஒருமைக்கு அவன் இறங்குவதில்லை என்பதை வேறு பல மொழிகளின் வசனவரிகள் தவறவிட்டுவிடும். தமிழில் அது தப்பாது. இன்னொன்றும் தமிழ்க் காதுக்குத்தான் உடனே உறைக்கும். நாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்வதில்லை, 'போய்விட்டு வருகிறேன்' என்போம். வெறுமே 'போகிறேன்' என்றால் பெரியவர்கள் அதட்டுவார்கள். கிரிஸ்டியான் சொல்வது அந்த வெறும் 'போகிறேன்'தான். திரும்பி வருவதாகச் சொல்லும் வழக்கம் ஒரு மொழியில் இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பெண்களுக்கு அவன் திரும்பி வருவதாக எந்த வாக்கும் தருவதில்லை என்பதே அந்த வேடத்தின் ஒழுங்கு. மாதத்தில் ஒரு நாள் மட்டும் வாழும் மனிதனுக்கு மறுநாள் கிடையாது. படத்தின் பாட்டும் இந்த ஒரு நாளுக்காக மட்டுமே வாழ்வது தகும் என்ற பொருளில்தான் தொடங்குகிறது.

நான்காவது சான்றைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அதுவே இன்றைய பார்வையாளருக்கு, குறிப்பாக வெளிநாட்டவருக்கு, முற்றிலும் மறைந்துபோயிருக்கிறது. மரியேவாக நடித்த நடாஷா கோலோவாவை முதன்முறை பார்க்கும் நமக்கு, அவர் அடக்கமான, சற்றுச் சோபையற்ற இல்லத்தரசி. முடிவில் திடீரென்று அழகியாக மாறுவது மலிவான உத்தியாகப் படும். 'ஒப்பனை போட்டதும் கணவனுக்குக் காதல் வந்துவிட்டதா?' என்று உங்களைப் போலவே என் மாணவி ஒருவரும் கோபமாகக் கேட்டார். ஆனால் 1939-இல் பிராகாவின் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கோலோவா யார் என்று தெரியும். அதே ஆண்டில், மேலே சொன்ன ஃப்ரிச்சின் படத்தில், ஈவாவாகத் திரை முழுவதும் துள்ளித் திரிந்து வீட்டையே தலைகீழாக்கிய பெண் அவர். அதில் அவருடைய சகோதரனாக நடித்தவரும் இதே நோவிதான். ஆகவே மரியே முதல் காட்சியில் குனிந்த தலையோடு வந்தபோதே, வேடம் போட்டிருப்பது கணவன் மட்டுமல்ல என்பது அரங்கிலிருந்தவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். கணவன் ஒருவனுக்குத்தான் தெரியவில்லை. அந்த முடிவில் அவள் மாறுகிறாள் என்பதைவிட, ஏற்கெனவே இருந்தவள் வெளியே வருகிறாள் என்று கொள்வது படத்துக்கு நியாயம் செய்வதாகும். பார்வையாளர்கள் உண்மையிலேயே அப்படி உணர்ந்தார்களா என்பதை இன்று யாரும் அளந்து காட்ட இயலாது. நடிகர்களின் அந்த ஆண்டுப் படவரிசையிலிருந்து நான் செய்யும் ஊகம் இது. அப்படியும் உங்கள் ஏமாற்றம் முழுவதும் தீராது. மனைவி தன்னை அலங்கரித்துக்கொண்டு நிரூபிக்க வேண்டியிருக்கிறது, கணவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற குறை படத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை.

காதல் நாடகம் என்ற பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது என்பதற்குச் சுசனாதான் காரணம். வகைப்படி இது காதல் நகைச்சுவை. அதில் ஐயம் வேண்டாம். ஆனால் மாண்ட்லோவா தன் பங்கை நகைச்சுவையாக நடிக்கவில்லை. பணமும் பொழுதும் ஏராளமாக உள்ள, எதுவும் அலுத்துப்போன ஒரு பெண், ஒரே ஓர் இரவு தன்னிடம் ஒருவன் பேசிய விதத்தால் உலுக்கப்படுகிறாள். தேடிக் கண்டுபிடித்தால் அங்கே இருப்பவன் ஓர் எழுத்தர். இதில் சிரிப்பதற்கு இடம் நமக்கு இருக்கிறது, அவளுக்கு இல்லை. நோவியும் கோலோவாவும் ஒரு நகைச்சுவைப் படத்தில் நடித்துக்கொண்டிருக்கும்போது, மாண்ட்லோவா மட்டும் பக்கத்து அறையில் ஒரு சோகப் படத்தில் நடித்துக்கொண்டிருக்கிறார் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. இந்த இரண்டு தொனிகளையும் ஃப்ரிச் ஒரே சட்டகத்துக்குள் இடிபடாமல் வைத்திருப்பதுதான் இந்தப் படம் காலம் கடந்து நிற்பதற்குத் தொழில்முறைக் காரணம்.

முழுக்க முழுக்கக் கனமான காதல் நாடகம் வேண்டுமானால், 1940-இல் ஒட்டாகார் வாவ்ரா இயக்கி, லீடா பாரோவா நடித்த 'முகமூடிக் காதலி'யைத் தேடிப் பாருங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக் எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு கதை அதன் மூலம். அங்கே முகத்தை மறைத்திருப்பவள் பெண், அவளை அறியாதவன் ஆண். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே நகரத்தில் ஒரே ஓராண்டு இடைவெளியில் ஒரே கருவை இரண்டு இயக்குநர்கள் எவ்வளவு வேறாக அணுகினார்கள் என்பது தெளிவாகும்.

இனி ஐயத்துக்குரிய ஒன்று. இந்தப் படம் நாஜி ஆக்கிரமிப்புக்கு எதிரான மறைபொருள் என்று பலர் எழுதுகிறார்கள்: இரட்டை வாழ்க்கை என்பது ஆக்கிரமிக்கப்பட்ட மக்களின் வாழ்க்கை, தொலைதேசக் கனவு என்பது பறிக்கப்பட்ட சுதந்திரம் என்றெல்லாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூலக்கதை பிரெஞ்சு மேடையிலிருந்து வந்தது, அதன் இரட்டை வாழ்க்கைக்கும் பிராகாவுக்கும் தொடக்கத்தில் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை மறக்கக்கூடாது. படைத்தவர்கள் மறைபொருள் வைத்தார்கள் என்பதைவிடப் பார்த்தவர்கள் ஒரு பொருளைக் கண்டுகொண்டார்கள் என்று சொல்வதே கவனமான கூற்று. எல்லைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த ஊரில், ஒரு பயண முகவர் அலுவலகத்தின் சுவரொட்டிகளைத் திரையில் பார்ப்பது, படப்பிடிப்பு நடந்த நாளில் இருந்ததைவிடப் படம் வெளியான நாளில் வேறுவிதமாக இருந்திருக்கும். அதே ஆண்டு நவம்பர் 17 அன்று செக் பல்கலைக்கழகங்களே மூடப்பட்டன. அதன் பிறகு செக் மொழியில் சிரித்துப் பேசும் படங்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தன. இந்தப் படம் மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்டதற்கு இந்தச் சூழல் ஒரு காரணம் என்று நம்புகிறேன். மறைபொருள் கதையை மட்டும் நம்பவில்லை.

நடிகர்களின் பின்வாழ்க்கை, செக் மக்கள் இந்தப் படத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டது, அதனால் அதையும் சொல்ல வேண்டும். மாண்ட்லோவா போருக்குப் பிறகு ஜெர்மானியரோடு ஒத்துழைத்தார் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டு, இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஆக்கிரமிப்பு ஆட்சியின் உயரதிகாரி ஒருவரோடு அவரை இணைத்துப் பேசிய வதந்தி நிரூபிக்கப்பட்டதே இல்லை. ஆயினும் அது அவரை வாழ்நாள் முழுவதும் துரத்தியது. அவர் இறந்தது 1991-இல். கோலோவா போர் முடிந்த கையோடு, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்து, அப்போது விடுவிக்கப்பட்ட தெரெசீன் முகாமில் டைஃபஸ் நோயாளிகளுக்குச் செவிலியராகத் தொண்டு செய்யப் போய், தானே அந்த நோய்க்கு ஆளாகிப் பிழைத்தார். மதுக்கூடத்தில் மாதம் ஒருமுறை மனைவியை மறந்த மனிதனாக நடித்த ஓல்ட்ரிக் நோவியின் மனைவி ஆலிஸ் ஒரு யூதர். மணவிலக்குச் செய்துவிட்டால் மேடையும் திரையும் அவருக்குத் திறந்திருக்கும் என்ற நிலையில் அவர் மறுத்தார். அவரைக் கட்டாய உழைப்பு முகாமுக்கும் மனைவியைத் தெரெசீனுக்கும் அனுப்பினார்கள். இருவரும் உயிரோடு திரும்பினார்கள். இந்தச் செய்தியை அறிந்தவர்கள் கிரிஸ்டியான் வீடு திரும்பும் காட்சியைப் பார்க்கும் விதம் மாறிவிடுகிறது. அது படத்துக்கு வெளியே இருப்பது, படத்தின் தகுதியாக அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று கண்டிப்பாக வாதிடலாம். நானும் வகுப்பில் அப்படித்தான் வாதிடுகிறேன். ஆனால் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது அந்தக் கண்டிப்பு எனக்கே நிற்பதில்லை.

மறுபடி பார்க்க நேரம் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். மதுக்கூடக் காட்சிகளில் நோவியைப் பார்க்காமல் பணிவிடையாளர்களைப் பாருங்கள். கிரிஸ்டியானைக் கண்டதும் அவர்கள் காட்டும் மகிழ்ச்சி பணத்துக்காகத்தான் என்றாலும், அதில் ஒரு துளி அறிந்த புன்னகையும் கலந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பிறருக்குச் சேவை செய்பவனுக்கு, இன்னொரு மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவனை அடையாளம் தெரியாமலா இருக்கும்? அடுத்து, இதே ஃப்ரிச்சும் நோவியும் 1942-இல் செய்த 'நல்ல மனம் படைத்த வாலண்டின்' படத்தையும் பாருங்கள். அதில் வரும் எழுத்தருக்குப் பரிசுச்சீட்டில் பணம் விழுந்துவிட்டதாகச் சக ஊழியர்கள் விளையாட்டுக்குப் பொய் சொல்ல, அவர் அதை நம்பிப் பணக்காரராக நடக்கத் தொடங்குகிறார். அங்கே வேடத்தைப் போட்டுவிடுவது பிறர். போட்டிருப்பது அவருக்கே தெரியாது. நீங்கள் தேடிய ஆள்மாறாட்டத்துக்கு அதுதான் இன்னும் அருகில் வரும்.